பற்றைக்குள் இருந்த காடு

கலேவெலயில் எங்கள் வளவின் மூலைப் பற்றையை அடியோடு வெட்ட ஆள் பிடித்திருந்தேன். அப்போது பக்கத்துத் தம்புள்ளையின் பழைய கதையொன்று நினைவுக்கு வந்தது.

தேயிலைத் தோட்டத் துரையாயிருந்த சாம் பொப்பம் என்ற ஆங்கிலேயர், 1963இல் அங்கே சேனை செய்து கைவிட்ட காணியொன்றை வாங்கினார். காடாக்க நாற்றுகள் நட்டார், பெரும்பாலும் பிழைக்கவில்லை. ஆனால், முட்பற்றைக்குள் முதிரை, கருங்காலி போன்ற நம் நாட்டு மரங்களின் கன்றுகள் தாமாகவே முளைத்திருந்தன. பற்றையை மட்டும் நீக்கி அவற்றுக்கு வெளிச்சம் விட்டார். காடு எழுந்தது.

தேவாங்கும் அங்கே வாழ்கிறது. அதற்குப் பாயத் தெரியாது. கிளையோடு கிளை சேர்ந்தால்தான் வழி.

ஆளைத் திருப்பி அனுப்பினேன். பற்றையை நானே பார்த்துப் பார்த்து வெட்டினேன். உள்ளே மூன்று முதிரைக் கன்றுகள் நின்றன.