நீலகிரித் திருச்சபைகளின் குடும்ப விழாக்கள்

நீலகிரி மாவட்டக் கிறிஸ்தவ ஆலயங்கள், ஞாயிறு ஆராதனைக்கு வெளியே, கைக்குழந்தை முதல் பாட்டி தாத்தா வரை வீட்டோடு வந்து கூடும்படி நடத்தும் நிகழ்ச்சிகள் இங்கே குடும்ப விழாக்கள் எனப்படுகின்றன. அறுப்பின் பண்டிகையும் அதையொட்டிய ஏலமும், கோடையில் நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளி, டிசம்பர் மாதக் கீதப் பவனி, ஞாயிறு பள்ளி ஆண்டுவிழா, ஊட்டியை ஒட்டிய காந்தல் குருசடியின் மே மாதத் திருவிழா ஆகியவை இவற்றில் முதன்மையானவை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் வாழ்ந்தவர்கள் 7,35,394 பேர். அவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் கிறிஸ்தவர். ஆனால் இந்த விழாக்களுக்கு வருகிறவர்கள் அந்தப் பத்தில் ஒருவர் மட்டுமல்லர்.

பழங்குடிகளையும் படுகரையும் விட்டால், மலையில் இன்றுள்ளவர்களில் பெரும்பாலோர் கடந்த இரு நூறு ஆண்டுகளில் ஏறி வந்தவர்களின் வழியினர். தேயிலைத் தோட்டம், பங்களா வேலை, ராணுவப் பாசறை, ரயில்பாதை, காய்கறிக் கமிஷன் மண்டி என்று பிழைப்புத் தேடி வந்தவர்களுக்குக் குலதெய்வக் கோயிலும் கொடைவிழாவும் பங்காளிகளும் கீழே சமவெளியில் இருந்தார்கள். கிறிஸ்தவராக வந்தவர்களுக்கும், வந்த இடத்தில் கிறிஸ்தவரானவர்களுக்கும், ஊர் கூடும் இடமாக ஆலய வளாகமே அமைந்தது. ஆகவே இந்த விழாக்களை ஆராதனையின் துணைநிகழ்ச்சி என்று சொல்வதைவிட, ஊர்த் திருவிழாவின் மலைநாட்டு வடிவம் என்று சொல்வதே பொருந்தும்.

பின்னணி

மலையின் பழைய ஆலயங்கள் பொதுமக்களுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. ஊட்டி தூய ஸ்தேவான் ஆலயத்துக்கு 1829 ஏப்ரல் 23 அன்று, அப்போதைய சென்னை ஆளுநர் ஸ்டீபன் ரம்போல்டு லஷிங்டன் அடிக்கல் நாட்டினார். கல்கத்தா பேராயர் ஜான் மத்தியாஸ் டர்னர் 1830 நவம்பரில் அதைப் பிரதிஷ்டை செய்தார். 1831 ஈஸ்டர் அன்று ஆலயம் திறக்கப்பட்டது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கொண்டுவந்த உத்தரங்கள் இதன் கூரையைத் தாங்குகின்றன. கோடைக்கு மலையேறும் அதிகாரிகளும் அவர்கள் குடும்பங்களுமே இதன் சபையார். தமிழ் ஆராதனைக்கெனத் தூய திரித்துவ ஆலயம் தனியே எழுந்தது. ஆண்டவர் ஒருவரே ஆனாலும் ஆலயம் இரண்டு என்ற அந்த ஏற்பாடு யாருக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

மக்களிடையே சபை வளர்ந்த கதை கேத்தியில் தொடங்குகிறது. ஓய்வுபெற்ற அதிகாரி ஜார்ஜ் ஜேம்ஸ் காசமேஜரின் ஆதரவோடு பாசல் மிஷன் 1846இல் அங்கே வேரூன்றியது. பின்பு 1867இல் கோத்தகிரியிலும் நிலையம் அமைந்தது. கேத்திக்கு மிஷன் வந்ததிலிருந்து, படுகரிடையே முதல் ஞானஸ்நானம் நடக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. அப்படிச் சேர்ந்தவர் ஹட்டியின், அதாவது படுகர் ஊரின், சடங்குகளிலிருந்தும் பந்தியிலிருந்தும் விலக நேர்ந்தது. சாவுக்கும் கல்யாணத்துக்கும் கூடிய உறவை இழந்தவர்களுக்குச் சபைதான் உறவாக வேண்டியிருந்தது. 1890இல் லூக்கா நற்செய்தி படுக மொழியில் அச்சானது. இந்தச் சபைகள் இன்று தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர் திருமண்டலத்தில் உள்ளன. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று உருவானது.

கத்தோலிக்கருக்கு உதகை மறைமாவட்டம் 1955இல் மைசூரிலிருந்து பிரிந்து அமைந்தது. அதற்குப் பின் வந்த பெரிய மக்கள் அலை இலங்கையிலிருந்து வந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களில் பலருக்கு, கூடலூர், பந்தலூர், குன்னூர், கோத்தகிரி வட்டாரங்களில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை தரப்பட்டது. கூடலூர்ப் பக்கம் கேரளத்திலிருந்து குடியேறிய சிரியன் கிறிஸ்தவர்கள் மலையாள ஆராதனையோடு தனிச் சபைகள் நடத்துகிறார்கள்.

அறுப்பின் பண்டிகையும் ஏலமும்

அறுப்பின் பண்டிகை, ஸ்தோத்திரப் பண்டிகை, நன்றிப் பண்டிகை என்று சபைக்குச் சபை பெயர் மாறும். விளைச்சலின் முதற்பலனைப் படைக்கும் வழக்கம் வேதாகமக் காலத்தது. ஆலயத்தைக் காய்கனியால் அலங்கரித்து ஆராதனை நடத்தும் இன்றைய வடிவம், 1843இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர் என்ற குருவானவர் தொடங்கிவைத்தது. அது தமிழ்நாட்டுக்கு வந்து நெல்லும் வாழைத்தாரும் சூடிக்கொண்டது. மலையேறியபோது வேறு கோலம் பூண்டது.

நீலகிரி ஆலயம் ஒன்றின் பலிபீடத்தைச் சுற்றி அன்று இருப்பவை: மண் உதறாத கேரட் கட்டு, உருளைக்கிழங்கு மூட்டை, முட்டைக்கோஸ், பீட்ரூட், நூல்கோல், டர்னிப், மலைப்பூண்டு, பருவத்துக்கேற்ப பேரி, பிளம்ஸ், பொட்டலம் கட்டிய தேயிலைத் தூள். நிலமில்லாதவர் வெறுங்கையோடு வருவதில்லை. தோட்டத் தொழிலாளி ஒரு மாதச் சம்பளத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொண்டுவருவார். தையற்காரர் தைத்த சட்டையையும், பேக்கரிக்காரர் கேக்கையும் வர்க்கியையும் கொண்டுவருவார்கள். வீட்டுப் பெண்கள் ஊறுகாய், முறுக்கு, கம்பளிப் பின்னல் என்று எடுத்துவருவார்கள். காலில் கயிறு கட்டிய சேவல் ஒன்று ஆராதனைக்கு நடுவே கூவுவதும் உண்டு. குருவானவர் பிரசங்கத்தை நிறுத்திச் சிரித்துக்கொள்வார்.

ஆராதனை முடிந்ததும் பொருள்கள் வெளியே வளாகத்துக்கு வரும். ஏலம் கூறுபவர் மேசைமேல் ஏறிவிடுவார். இதற்கென்று ஒவ்வொரு சபையிலும் ஒருவர் இருப்பார். கணீர்க் குரல், கூட்டத்தில் யாருக்கு யார் சம்பந்தி என்ற ஞானம், எதிரெதிராக ஏலம் கேட்பவர்களைச் சீண்டிவிடும் வாய்ச்சாதுரியம் ஆகிய மூன்றும் தகுதிகள். "ஒரு தரம்... இரண்டு தரம்..." என்று இழுத்து, மூன்றாம் தரத்துக்கு முன் மாமனாரையும் மருமகனையும் மாறிமாறிப் பார்ப்பார். கடையில் சில பத்து ரூபாய் பெறும் பரங்கிக்காய் நூறு நூறாய் ஏறும். எடுத்தவர் அதைத் திரும்பச் சபைக்கே கொடுத்துவிட, அதே காய் மறுபடி ஏலத்துக்கு வரும். நாலைந்து முறை விற்றும் காய் மேசையிலேயே இருக்கும். அதைக் கணக்கு வைத்துக் கத்துவது சிறுவர் வேலை. இங்கே பேரம் விலையைக் குறைக்க அல்ல, ஏற்றத்தான்.

ஏலத் தொகை கூரை மராமத்து, ஏழை மாணவர் கட்டணம், மிஷனரிப் பணி என்று பிரியும். குறை சொல்பவர்களும் உண்டு. பணமுள்ளவர் பெருமை காட்டும் மேடையாக ஏலம் ஆகிவிடுகிறது, தினக்கூலிக்காரர் பின்வரிசையில் கைகட்டி நிற்கிறார் என்பது அவர்கள் வாதம். அது பொய்யல்ல. இதற்காகவே சில சபைகள் ஏலத்தைச் சில பொருள்களோடு நிறுத்தி, மீதியை நிர்ணய விலைக் கடைகளாக வைத்துவிட்டன. நியாயம் கூடியது, கூட்டத்தின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

பண்டிகையின் மறுபாதி அசனம், அதாவது சபையார் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்ணும் சாப்பாடு. திருநெல்வேலிச் சபைகளில் புகழ்பெற்ற இவ்வழக்கம் அங்கிருந்து வந்த குடும்பங்களோடு மலைக்கும் ஏறியது. சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, பருப்பு, ரசம் என்பதே பெரும்பாலும் பட்டியல். குளிரில் பெரிய அண்டாச் சோறு இறக்கியதும் ஆறிவிடும் என்பதால், பந்தி நேரத்தைப் பிரசங்கத்தின் நீளத்தோடு ஒத்துப்பார்ப்பது சமையல் குழுவின் முதற்கவலை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாவட்டத்தில் தடை இருப்பதால் எவர்சில்வர் தட்டு, பாக்குமட்டைத் தட்டு, இல்லையேல் வாழையிலை. வாழையிலை மேட்டுப்பாளையத்துப் பக்கமிருந்து மேலே வர வேண்டும்.

குருத்தோலை ஞாயிறும் இதே கதைதான். தென்னை வளராத உயரத்தில், சிறுவர் கையில் பிடித்து ஊர்வலம் போகும் ஓலை முழுதும் சமவெளியின் கொடை.

கோடை: வேதாகமப் பள்ளி

விடுமுறை வேதாகமப் பள்ளியை இன்றைய அமைப்பில் இயக்கமாக்கியவர் ராபர்ட் போவில். 1901இல் நியூயார்க் நகரத்தில், கோடை விடுமுறையில் தெருவில் அலைந்த ஏழைப் பிள்ளைகளுக்காக அவர் அதைத் தொடங்கினார். தமிழ்நாட்டில் முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும், ஒன்றிரண்டு வாரங்களுக்கு ஏறத்தாழ எல்லாச் சபைகளும் இதை நடத்துகின்றன. காலையில் அபிநயப் பாட்டு, வயதுவாரியாக வகுப்பு, மனப்பாட வசனம், கைவேலை, விளையாட்டு, இடையே பிஸ்கட்டும் தேநீரும். கடைசி நாள் காகிதத் தொப்பியும் கொடியுமாக ஊர்வலம், மாலையில் பெற்றோர் முன் நாடகம், பரிசு.

நீலகிரியில் இதற்கு ஒரு தனி வேலை உண்டு. ஏப்ரலும் மேயும் இங்கே சீசன். மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவின் பழக் கண்காட்சி, நிரம்பி வழியும் விடுதிகள். டாக்சி ஓட்டுபவர், விடுதியில் படுக்கை விரிப்பவர், சாக்லேட் கடைப் பெண் ஆகியோருக்கு ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதி இந்த வாரங்களில்தான். தேயிலையும் கோடை மழைக்குப் பின் கொழுந்து விடும். ஊர் உலகம் விடுமுறைக்கு வரும்போது, உள்ளூர்ப் பெற்றோருக்கு மூச்சு விட நேரமில்லை. பிள்ளைகளுக்கோ பள்ளி இல்லை. அந்த இடைவெளியில் காசு வாங்காமல் அரைநாள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் இடம் ஆலயம். அதனால்தான் பக்கத்து வீட்டு இந்து, முஸ்லிம் பிள்ளைகளும் வந்து உட்கார்கிறார்கள். சமயக் கல்வி கலந்த ஏற்பாடு என்பது எல்லாருக்கும் தெரிந்தே இருக்கிறது. பெற்றோர் இசைவோடு வருவதை நடத்துபவர்கள் உறுதி செய்துகொள்வது இக்காலத்தில் தவிர்க்க முடியாத நாகரிகம்.

காந்தல் குருசடி

கத்தோலிக்கத் திருவிழாக்களில் மலை முழுவதையும் இழுப்பது காந்தல் குருசடி. இயேசு அறையுண்ட சிலுவையின் சிறுதுண்டு என்று நம்பப்படும் அருளிக்கம் இங்கே காக்கப்படுகிறது. தென்னகத்தின் கல்வாரி என்று பக்தர்கள் அழைக்கிறார்கள். ஆண்டுத் திருவிழா மே 3. கான்ஸ்டன்டைன் பேரரசரின் தாய் ஹெலனா சிலுவையைக் கண்டெடுத்ததன் நினைவாகத் திருச்சபை முழுவதும் கொண்டாடிய நாள் அது. 1960இல் உரோமை தன் பொது நாள்காட்டியிலிருந்து அதை நீக்கி, செப்டம்பர் 14ஆம் நாள் சிலுவை மகிமை விழாவை மட்டும் வைத்துக்கொண்டது. காந்தல் தன் தேதியை விடவில்லை. மழைக்கால செப்டம்பரைவிட வெயிலடிக்கும் மே குடும்பத்தோடு வர ஏற்றது என்பதையும் மறப்பதற்கில்லை.

கொடியேற்றம், நவநாள், கூட்டுத் திருப்பலி, சிலுவை அருளிக்கப் பவனி, அருளிக்க ஆசீர் என்று சடங்குகள் ஒருபுறம். வளையல் கடை, மிளகாய் பஜ்ஜி, பலூன், வேற்றூரில் வாழ்க்கைப்பட்ட மகள் பிள்ளைகளோடு தாய்வீடு வருவது மறுபுறம். நேர்ச்சை வைத்து வருபவர்களில் பிற சமயத்தாரும் உண்டு. 2020இல் மே 3 கொரோனா பொதுமுடக்கத்தின் நடுவே வந்தது. அப்போது நாடு முழுவதும் வழிபாட்டுத் தலங்கள் மூடிக்கிடந்தன.

டிசம்பர்

கீதப் பவனியைப் பேச்சில் எல்லாரும் கேரல் ரவுண்ட்ஸ் என்பார்கள். டிசம்பர் தொடங்கியதும் வாலிபர் ஐக்கியத்தார் கிதார், டிரம், ஜெனரேட்டர், கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்தோடு ஜீப்பில் கிளம்பி, சபையார் வீடு ஒவ்வொன்றிலும் பாடிவருவார்கள். உறைபனி விழும் மாதம். கம்பளித் தொப்பியும் ஸ்வெட்டரும் இல்லாமல் யாரும் வெளியே வருவதில்லை. தாத்தா வேடத்துக்குள் இருப்பவருக்கு மட்டும் குளிராது. தோட்டத்து லைன் வீடுகளுக்குப் போகும்போது பாட்டைவிடக் கவனம் பாதையில் இருக்கும். தேயிலைச் செடிகளுக்கிடையே காட்டெருமை நிற்கும், சில பக்கங்களில் கரடியும் யானையும் வரும். விடியவிடியச் சுற்றும் பழைய வழக்கத்தைப் பல இடங்களில் முன்னிரவோடு முடித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காணிக்கை உறையும் சூடான தேநீரும் காத்திருக்கும். முப்பது வீட்டுத் தேநீரைக் குடித்துச் சமாளிப்பது பாடுவதைவிடக் கடினமான ஊழியம்.

ஆங்கில ஆராதனை நடக்கும் ஆலயங்களில் ஒன்பது பாடங்களும் கீதங்களும் என்ற முறை கையாளப்படுவதுண்டு. அது 1880இல் இங்கிலாந்தின் ட்ரூரோவில் எட்வர்ட் வைட் பென்சன் வகுத்தது. தமிழ்ச் சபைகளில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் பிறப்பு நாடகம்தான் கூட்டம் சேர்க்கும். போர்வையும் துண்டும் மேய்ப்பர் உடையாகும். மலையில் போர்வைக்குப் பஞ்சமில்லை. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும், வளாகத்தில் கேக்கும் காபியும் பகிர்ந்து வாழ்த்துச் சொல்லிக் கலைவார்கள்.

நடத்துபவர்களும் இன்றைய நிலையும்

பெயர்ப்பலகையில் ஆயர் அல்லது பங்குத்தந்தை பெயர் இருக்கும். வேலையைச் சுமப்பது பெண்கள் ஐக்கிய சங்கமும், வாலிபர் ஐக்கியமும், கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியக் குழுக்களும். வாலிபர்தான் இப்போது குறைந்துவருகிறார்கள். பசுந்தேயிலை விலை வீழ்ந்த ஆண்டுகளிலிருந்து மலைப்பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் கோவை, திருப்பூர், பெங்களூரு என்று இறங்குகிறார்கள். ஒரு காலத்தில் மலைக்கு ஆள் ஏறிவந்ததால் பிறந்த விழாக்கள், இன்று இறங்கிப் போனவர்கள் திரும்பி வரும் நாளாக மாறிவருகின்றன. கிறிஸ்துமஸும் அறுப்பின் பண்டிகையும் அவர்கள் விடுப்புக்கு ஏற்பத் தேதி பார்க்கப்படுவது இதனால்தான்.

இந்த விழாக்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. எந்தச் சமயத்தாரும் வரலாம். மலைக்குச் சுற்றுலா வருபவர்கள், தங்கும் ஊரின் ஆலயப் பலகையில் ஞாயிறு அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளலாம். ஏலம் என்று எழுதியிருந்தால் கையில் ரொக்கத்தோடு போங்கள். சும்மா வேடிக்கை பார்க்கையில் தலை சொறியக் கையைத் தூக்கிவிடாதீர்கள். பரங்கிக்காய் உங்கள் பெயருக்கு விழுந்துவிடும்.