53 மணியும் ஒரு தெருவும்: செபமாலையின் வரலாற்றில் நாம்

"ஒரே செபத்தை 53 தடவை சொல்வதில் என்ன பகுத்தறிவு இருக்கிறது?" பொங்கலூர் வட்டாரத்தில் பனியன் கம்பெனித் தொழிலாளர் குடும்பங்களோடு வேலை செய்யும் எங்களிடம் கல்லூரித் தோழர்கள் கேட்கும் கேள்வி இது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்த 53-க்குப் பின்னால் எழுத்தறிவு எட்டாத மக்களின் வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு பேசுவோம்.

இடைக்கால ஐரோப்பாவில் மடத்துத் துறவிகள் 150 திருப்பாடல்களை லத்தீனில் ஓதினார்கள். படிக்கத் தெரியாத உழவர்களுக்கு அது எட்டாத புத்தகம். அதற்கு ஈடாக அவர்கள் மனப்பாடமான ஒரு செபத்தையே 150 தடவை, மணி உருட்டி எண்ணிச் சொன்னார்கள். நம் ஊர்ப் பாட்டிகள் சொல்லும் '153 மணி'யில் இருப்பது அந்த 150-தான். அதில் மூன்றில் ஒரு பங்கான 50-ம், தொடக்கத்தில் சொல்லும் மூன்றும் சேர்ந்தது 53.

தமிழ் மண்ணிலும் செபம் முதலில் காது வழியாகவே வந்தது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, தானும் மனப்பாடம் செய்து, மணியடித்து ஊரைக் கூட்டித் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். நோயாளிகளின் வீடுகளுக்குப் போய் செபம் சொல்ல, செபம் தெரிந்த சிறுவர்களையே அனுப்பினார். 16 பக்கத் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சானது 1578-இல்தான்.

செபம் எல்லோருக்கும் வந்தது. சமத்துவம் வந்ததா? மதுரை மிஷன் சாதி வழக்கத்தோடு சமரசம் செய்துகொண்டது. நோயுற்ற பறையர் மக்களின் வீட்டுக்குள் போனால் மற்ற சாதியார் விலகிவிடுவார்கள் என்று குருக்கள் தயங்கினார்கள். அந்த வீடுகளுக்கும் போக வேண்டும் என்று போப்பின் தூதர் தூர்னோன் 1704-இல் புதுச்சேரியில் ஆணையிட்டார். நாற்பது ஆண்டு இழுபறிக்குப் பின், 1744-இல் கிடைத்த தீர்வு என்ன தெரியுமா? அவர்களுக்கென்று தனிக் குருக்கள்!

இங்கேதான் செபமாலையின் இடம் நமக்குப் புரிகிறது. நோயில்பூசுதலுக்குக் குரு வேண்டும். பூசைக்கும் குரு வேண்டும். செபமாலைக்கு வேண்டாம். புத்தகமும் வேண்டாம், கோயிலும் வேண்டாம். வீட்டில் மூத்த பெண் ஒருவர் முதல் பாதியைச் சொன்னால், மற்றவர்கள் மறுபாதியைச் சொல்லலாம். குரு வாசற்படி ஏறத் தயங்கிய வீட்டிலும் சொல்ல முடிந்த வழிபாடு அது. திரும்பத் திரும்பச் சொன்னதால்தான் அது மக்கள் கையில் நின்றது.

அதற்காக அதை விடுதலை என்று நாங்கள் சொல்லவில்லை. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து ஏறையூரில் பங்குக் கோயிலின் பெயரே செபமாலை மாதா கோயில். அங்கே தலித் கிறித்தவர்களின் இறுதி ஊர்வலம் கோயிலுக்குப் போகும் பொதுத்தெருவில் வர முடியவில்லை. கல்லறையும் தனி. தலித் மக்கள் தனிப்பங்கு கேட்டுப் போராடினார்கள். 2008 மார்ச்சில் அவர்களுடைய வீடுகள் தாக்கப்பட்டன. அதைத் தொடர்ந்து நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் வன்னியர் தரப்பில் இருவர் இறந்தார்கள். தெருவின் இரு பக்கத்திலும் சொல்லப்பட்டது ஒரே மங்கள வார்த்தை செபம்தான்.

தோழர்களே, 'ஜெய் பீம்' என்று நாமும் ஆயிரம் தடவை சொல்கிறோம். சொல்லச் சொல்லத்தான் தனி ஆள் கூட்டமாகிறான், பயம் போகிறது. அதனால் திரும்பச் சொல்வதைக் கேலி செய்ய வேண்டாம். கேட்க வேண்டியது வேறு. செபமாலைப் பவனி எந்தத் தெரு வரை வருகிறது? அன்பியக் கூட்டத்தில் செபத்தைத் தொடங்கி வைப்பது யார்? இறந்தவருக்காக 53 மணி சொல்லி முடித்த பிறகு, உடல் எந்தக் கல்லறைக்குப் போகிறது? உங்கள் பங்கில் இந்த மூன்றையும் கேளுங்கள். பதில் வரும்வரை திரும்பத் திரும்பக் கேளுங்கள்.