கவ்வி போட்ட சிறுநீரகம் தப்பியது ஏன்?

வாலாஜாபேட்டைக் கறிக்கடைகளில் ஆட்டின் குண்டிக்காயைப் பார்த்திருப்பீர்கள். கைக்குள் அடங்கும் சிறிய உறுப்பு. இதுதான் சிறுநீரகம். அருகிலுள்ள வேலூருக்குச் சிறுநீரக நோயாளியாகப் போகிறவரிடம் மருத்துவர் முதலில் கையில் பட்டை சுற்றி இரத்த அழுத்தத்தை அளக்கிறாரே, ஏன்?

இலண்டன் மருத்துவர் ரிச்சர்டு பிரைட், சிறுநீரகம் கெட்டு இறந்த பலருக்கு இதயம் பருத்திருப்பதை 1836-லேயே எழுதினார். சிறுநீரகக் கோளாறு அழுத்தத்தை உயர்த்துகிறதா, அழுத்தம் சிறுநீரகத்தைக் கெடுக்கிறதா? வழக்கு நெடுநாள் நடந்தது. 1898-ல் ஸ்வீடனில் டீகர்ஸ்டெட்டும் பெர்க்மனும் முயலின் சிறுநீரகச் சாற்றை வேறொரு முயலுக்குச் செலுத்தினர், அழுத்தம் ஏறியது. அச்சாற்றிலிருந்த பொருளுக்கு ரெனின் என்று பெயரிட்டனர். பிறகு பல ஆண்டுகள் அதை யாரும் பொருட்படுத்தவில்லை!

1934-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஹாரி கோல்டுபிளாட், நாய்களின் சிறுநீரகத் தமனியில் வெள்ளிக் கவ்வி ஒன்றைப் பொருத்தி, இரத்த ஓட்டத்தைச் சற்றே நெருக்கினார். அழுத்தம் ஏறியது, இறங்கவில்லை. கவ்வியை மிக இறுக்கியபோது சிறுநீரகங்கள் செயலிழந்தன; நுண்தமனிகளின் சுவர்கள் அழிந்தன; விழித்திரையில் இரத்தம் கசிந்தது. அந்த வாயில்லா ஜீவன்கள் பட்ட வேதனையை எண்ணாமல் இதைப் படிக்க முடியவில்லை.

நமக்கு வேண்டிய விடை இன்னும் சிறிய பிராணியிடம் கிடைத்தது. 1939-ல் இலண்டனில் வில்சன், பைரம் என்ற இருவர், எலியின் ஒரு சிறுநீரகத் தமனியை மட்டும் நெருக்கினர். மற்றதைத் தொடவேயில்லை. எது கெட்டிருக்கும்? நெருக்கியதுதான் என்பீர்கள். இல்லை! கடும் அழுத்தம் ஏறிய எலிகளில், தொடாத சிறுநீரகத்தின் நுண்தமனிகள் சிதைந்திருந்தன. கவ்வி போட்டதோ அச்சிதைவிலிருந்து தப்பியிருந்தது.

காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பித் ததும்பும்போது, பாதி மூடிய மதகுக்குக் கீழுள்ள வாய்க்கால் பத்திரமாக இருக்கும். முழுதும் திறந்த மதகின் வாய்க்கால்தான் கரை உடையும். அதே கதைதான் இங்கும். கவ்விக்கு அப்பால் முழு அழுத்தம் எட்டவில்லை. ஆகவே தமனியை அழித்தது இரத்தத்தில் கலந்த நஞ்சு அன்று. நஞ்சானால் இரண்டு சிறுநீரகங்களையும் தாக்கியிருக்கும் அல்லவா? அழித்தது அழுத்தமே.

அவ்விருவரும் 1941-ல் மேலும் ஒன்றைச் சொன்னார்கள். கவ்வி போட்ட சிறுநீரகத்தை அறுத்து நீக்கினால் அழுத்தம் தணிய வேண்டும். காலம் தாழ்த்தி நீக்கிய எலிகள் சிலவற்றில் அது தணியவில்லை. அதற்குள் மற்றச் சிறுநீரகம் சிதைந்து, தானே அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. பிரைட் காலத்து வழக்கில் இரு கட்சியும் சொன்னது மெய்தான்: சிறுநீரகம் அழுத்தத்தை ஏற்றுகிறது, அழுத்தம் சிறுநீரகத்தைத் தின்கிறது. மருத்துவர் உங்கள் கையில் பட்டை சுற்றுவது இந்தச் சுழல் எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்கத்தான்.