சதுரங்கம் விளையாட்டா?

ஓட்டமும் மற்போரும் வில்வித்தையும் விளையாட்டே என்பதில் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. ஐயமெல்லாம் எல்லைக்கோட்டில் நிற்பவற்றைப் பற்றியே எழுகிறது. அவ்வாறு ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு மேலாக எல்லையில் நின்று, ஒவ்வொரு காலத்தாராலும் மீண்டும் மீண்டும் விசாரிக்கப்பட்டு வருவது சதுரங்கம். நம் இல்லங்களிலும் இவ்வழக்கு முடிந்தபாடில்லை. பேரன் பலகையை விரித்தால் பாட்டனார் முகம் சுளிக்கிறார். சூதுக்கு இது தம்பி என்கிறார். பள்ளிக்கூடமோ அதே பேரனுக்கு விளையாட்டுச் சான்றிதழ் வழங்குகிறது. யார் சொல்வது சரி? தீர்ப்புக் கூறுமுன் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நாற்படையைக் குறிக்கும் இந்நாட்டுச் சொல் பாரசீகத்தில் 'சத்ரங்க்' என்றும் அரபியில் 'ஷத்ரஞ்ச்' என்றும் உருமாறிற்று. முஸ்லிம்கள் பாரசீகத்தை வென்றபின் இவ்வாட்டம் அவர்களிடையே பரவியது. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்அத்லீ இதற்கெனத் தனி நூலே எழுதினார். கலீஃபா அல்முக்தஃபி (902–908) காலத்தில் அவர் அவையிலே ஆடிப் பெரும்புகழ் பெற்ற அஸ்ஸூலீ, சிறந்த வரலாற்றாசிரியராகவும் விளங்கினார். அரபியர் வழியாகவே இவ்வாட்டம் ஐரோப்பாவை அடைந்தது. இன்று உலகம் முழுதும் ஒலிக்கும் 'செக்மேட்' என்னும் சொல்லுக்குள் 'ஷாஹ் மாத்' என்னும் பழந்தொடர் ஒளிந்திருப்பதைக் காணலாம்.

ஆட்டம் பரவியதும் அதனை எவ்வகையிற் சேர்ப்பது என்ற வினா சட்ட அறிஞர்கள் முன் வந்தது. அவர்கள் கையில் ஏற்கெனவே ஓர் அளவுகோல் இருந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியதையும், பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு நெடுந்தொலைவும் பெறாதவற்றுக்குக் குறுந்தொலைவும் வகுத்ததையும் ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. பொருள் வைத்துப் போட்டியிடுவதை ஒட்டகம், குதிரை, அம்பு ஆகிய மூன்றுக்கு மட்டுமே உரியதாக்கும் நபிமொழியும் உண்டு. இதனை அடியாகக் கொண்டு, போட்டியும் அம்பெய்தலும் பற்றிய தனி அத்தியாயமே ஃபிக்ஹு நூல்களில் எழுந்தது. ஷாஃபிஈ அறிஞர்கள் ஈட்டி முதலிய போர்க்கருவிகளை ஒப்புமையால் இதனுட் சேர்த்தனர். ஹனஃபிகள் கால் ஓட்டத்தையும் சேர்த்தனர். வெறும் களிப்பன்று, காப்புக்குரிய பயிற்சியே இங்கு அளவாக நின்றது.

சதுரங்கமோ இவ்வரிசையிற் சேரவில்லை. பகடை உருட்டி ஆடும் 'நர்து' என்னும் ஆட்டத்தோடும் முழுவதும் ஒட்டவில்லை. ஹனஃபி, மாலிகி, ஹன்பலி அறிஞருட் பெரும்பாலோர் அதனை விலக்கினர். ஷாஃபிஈ மத்ஹபிலோ அது வெறுக்கத்தக்கது, அதாவது மக்ரூஹ் என்ற அளவில் நின்றது. பணயம் வைத்தாலோ, தொழுகை தவறினாலோ அது ஹராமாகிவிடும் என இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். நர்து பகடையின் போக்கை நம்பியது. ஷத்ரஞ்ச் சிந்தனையை நம்பியது என்பதே இவ்வேறுபாட்டுக்குக் கூறப்பட்ட காரணம். நம் கடற்கரையூர்களில் ஷாஃபிஈ மத்ஹபும் உள்நாட்டூர்களில் ஹனஃபி மத்ஹபும் பெருவழக்காயிருப்பதால், ஒரே பலகை ஒரு வீட்டில் ஒரு பெயரும் சம்பந்தி வீட்டில் வேறு பெயரும் பெறுவதில் வியப்பில்லை.

இவ்விவாதம் முழுவதிலும், ஆடுபவனுக்கு வியர்க்கிறதா என்று எவரும் வினவவில்லை. அது நவீன காலத்து வினா. அதற்கும் ஒருமுகமான விடை கிடைத்தபாடில்லை. 1924ஆம் ஆண்டு பாரிஸில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்தபோது அதே நகரில் உலகச் சதுரங்க சம்மேளனம் தோன்றியது. ஆயினும் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அதனை அங்கீகரிக்க 1999 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒலிம்பிக் பதக்கப் பட்டியலில் சதுரங்கம் இன்னும் இடம்பெறவில்லை. அதே ஒலிம்பிக்கில் 1912 முதல் 1948 வரை ஓவியத்துக்கும் இலக்கியத்துக்கும் பதக்கம் வழங்கினார்கள் என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்! இந்திய அரசோ அர்ஜுனா விருதைத் தொடங்கிய 1961ஆம் ஆண்டிலேயே தமிழகத்து மானுவேல் ஆரோனுக்கு அதனை வழங்கிச் சதுரங்கத்தை விளையாட்டென ஏற்றுவிட்டது. ஆசிய விளையாட்டுப் போட்டியில் அது முதன்முதலாக இடம்பெற்றது 2006இல், தோஹாவில். 'பிரிட்ஜ்' சீட்டாட்டத்தின் கதை இதனினும் விந்தையானது. அதில் உடலுழைப்பு மிகச் சொற்பமாதலால் வரிச்சலுகைக்குரிய விளையாட்டாகாது என 2017இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே ஜகார்த்தா ஆசியப் போட்டியில் அதே ஆட்டத்துக்குத் தங்கப்பதக்கம் வழங்கப்பட்டது, வென்றவர்கள் இந்தியர்கள்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பெயரோடு பயிற்சியும் பயணச்செலவும் மதிப்பும் வருகின்றன. பெயரில்லையேல் அவையும் இல்லை. பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான், நிலக்கிழார் ஒருவரின் பணியாளாக இங்கிலாந்து சென்று 1929, 1932, 1933 ஆகிய மூன்றாண்டுகளில் பிரிட்டிஷ் பட்டத்தை வென்றார், காப்பபிளாங்காவையும் தோற்கடித்தார். அதே வீட்டில் பணிபுரிந்த ஃபாத்திமா என்னும் பெண் 1933இல் மகளிர் பட்டத்தை வென்றார். எசமானர் நாடு திரும்பியதும் இருவரின் ஆட்டமும் முடிந்தது. தாங்கிப்பிடிக்க ஓர் அமைப்பு அன்று இல்லை. 1966இல் மறைந்த சுல்தான் கானுக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வந்து சேர்ந்தது 2024இல்!

முஸ்லிம் நாடுகளிலும் தீர்ப்புகள் மாறியே வந்துள்ளன. ஈரானில் புரட்சிக்குப்பின் தடை செய்யப்பட்ட சதுரங்கத்தை, பணயம் இல்லாதவரை ஆடலாம் என 1988இல் ஆயத்துல்லா கொமெய்னி அனுமதித்தார். சவூதி அரேபியாவின் தலைமை முஃப்தி 2016இல் அதனைக் கண்டித்தார். 2017 இறுதியில் ரியாதிலேயே உலகப் போட்டி நடைபெற்றது. ஆப்கானிஸ்தானத்தில் 2025இல் அது நிறுத்திவைக்கப்பட்டது. சூதாட்ட ஐயமே காரணமாகக் கூறப்பட்டது. தீர்ப்புகள் வேறுபடினும், பணயம் உண்டா என்னும் கேள்வி எங்கும் மறையவில்லை.

நம் நாட்டிலும் இக்கேள்வியே இப்போது சட்டமாகியிருக்கிறது. 2025ஆம் ஆண்டின் இணையவழி விளையாட்டுச் சட்டம் மின்விளையாட்டுக்கு ஏற்பளித்து, பணம் கட்டி ஆடுவதைத் திறமையாயினும் அதிர்ஷ்டமாயினும் ஒருசேரத் தடை செய்கிறது. கைப்பேசிக்குள் நுழைந்த ரம்மி எத்தனை குடும்பங்களைக் கடனில் ஆழ்த்தியது என்பதை நாம் அறிவோம். 'இது திறமைக்குரிய ஆட்டம்' என்ற பெயரே அங்கு வலைவிரிக்கும் இரையாயிற்று.

ஆகவே பாட்டனாரும் பள்ளிக்கூடமும் தத்தம் அளவில் உண்மையே பேசுகின்றனர். பள்ளி காண்பது திறமையை. பாட்டனார் அஞ்சுவது பணயத்தையும் பொழுதிழப்பையும். விளையாட்டா அன்றா என்னும் பட்டியலைக் கமிட்டிகள் நாளையும் திருத்தும். வீட்டுக்குள் நாம் கேட்கவேண்டியவை முன்னோர் கேட்ட அதே கேள்விகள்தாம்: பணம் புழங்குகிறதா? கடமை தவறுகிறதா? அறிவோ உடலோ வலுப்பெறுகிறதா? இவற்றுக்கு நேர்மையாக விடை காணட்டும் பாட்டனாரும் பேரனும். வேண்டுமாயின் பலகையின் இருபுறமும் அமர்ந்தே காணட்டும்!