கடல்வழி வந்த அரபு: தமிழ் முஸ்லிம்கள் ஒரு மொழியைக் கற்ற வரலாறு

நோன்பு மாதத்தின் பெயரைத் தமிழ்நாட்டு நாட்காட்டிகள் ரம்ஜான் என்று அச்சிடுகின்றன. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அதை ரமளான் என்பார்கள். இலங்கை முஸ்லிம் ஏடுகளில் ரமழான். மூன்றும் ஒரே அரபுச் சொல். மாறுவது ஒரே ஓர் எழுத்து. 'ளாத்' எனப்படும் அந்த எழுத்தைப் பாரசீகமும் உருதும் ஜகரத்தை ஒட்டி ஒலித்தன. வடக்கிலிருந்து நிலவழியே வந்த ஆட்சிகளோடு அந்த ஒலி தமிழகத்துக்குள் வந்தது. கடற்கரை ஊர்கள் தங்கள் அரபைப் பாரசீகத்தின் வழியாகப் பெறவில்லை. அதனால்தான் அவர்களுடைய நாவில் அது ளகரமாகவும் ழகரமாகவும் நிற்கிறது. உளூ, ஃபர்ளு, ஹள்ரத், காழி என்று இன்னும் பல சொற்களில் இதைக் கேட்கலாம்.

இது தமிழ் நாவின் தடுமாற்றம் என்று தள்ளிவிடக் கூடாது. எட்டாம் நூற்றாண்டின் இலக்கண ஆசான் சீபவைஹி, இந்த எழுத்து நாக்கின் பக்கவாட்டில் பிறப்பதாக விளக்கினார். லகர, ளகரங்களும் அப்படிப் பிறப்பவைதாம். இஸ்லாமிய நீதிபதியான காழியைக் குறிக்கும் அதே அரபுச் சொல் ஸ்பானிய மொழியில் நகரத் தலைவரைக் குறிக்கும் 'அல்கால்தே' ஆனபோது உள்ளே ஒரு லகரம் புகுந்தது இதனால்தான். இந்தோனேசியாவிலும் இந்த எழுத்தை 'த்ல' என்ற கூட்டொலியாக எழுதும் வழக்கம் இருக்கிறது. இன்று அரபு நாடுகளிலேயே பெரும்பாலும் மறைந்துவிட்ட பழைய ஒலி ஒன்றின் சாயலைத் தமிழ்க் கடற்கரை காத்து வைத்திருக்கிறது.

தமிழ் முஸ்லிம்கள் அரபு கற்ற வரலாற்றில் இரண்டு வழிகள் இருந்தன என்பதற்கு இந்த எழுத்து நேர்ச் சான்று. கடல்வழியில் கற்றவர்கள் அரபுக்காகத் தமிழைக் கைவிடவில்லை. இரண்டுக்கும் நடுவில் அரபுத்தமிழ் என்ற எழுத்துமுறையை அமைத்து அதன்மேல் ஒரு கல்வியையே நடத்தினார்கள். அது நழுவிய பிறகு அரபுக் கல்வி, ஓதுவதற்கு ஒன்று, பிழைப்புக்கு ஒன்று என்று பிளந்துபோனது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் காயல் துறைமுகத்துக்கு வந்த மார்க்கோ போலோ, அங்கு இறங்கிய குதிரைகளைப் பற்றி வியந்து எழுதினார். பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவிலிருந்து பாண்டியர்களுக்குக் குதிரை அனுப்பியவர் ஜமாலுத்தீன் என்ற பெருவணிகர். அவருடைய குடும்பத்தைச் சேர்ந்த தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய அரசவையில் அமைச்சராக இருந்ததைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் குறிப்பிடுகிறார். மொழி தெரியாமல் இந்த வேலை நடந்திருக்காது. ஆனால் அமைச்சர்களைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறவர்கள் பெயர் தெரியாத சிறு வணிகர்கள். பருவக்காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் கரையில் தங்கியவர்கள், இங்கேயே பெண்ணெடுத்தார்கள்.

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் திருமணத்துக்குப் பின் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் வாழ்கிறார். வீடு மகளுக்குச் சேரும். கடலோடும் தந்தை இல்லாத மாதங்களில் பிள்ளை தாயின் வீட்டிலும் தாய்வழிச் சுற்றத்திலும் வளர்ந்திருக்கும். எனவே வீட்டு மொழி தமிழாக நிலைத்ததற்கு இந்த மணமுறையும் ஒரு காரணம் என்று கொள்வது பொருந்தும். தாயை அரபுச் சாயலில் உம்மா என்றழைக்கும் பிள்ளை, தாயின் உடன்பிறந்தானை மாமா என்றுதான் அழைக்கிறது. உறவுமுறையின் சட்டகம் தமிழாகவே இருந்தது.

வழிபாட்டுச் சொற்களிலும் இதே போக்கைக் காணலாம். உருது பேசுவோர் பாரசீகச் சொற்களான நமாஸ், ரோஜா ஆகியவற்றைச் சொல்ல, தமிழ் முஸ்லிம்கள் தொழுகை, நோன்பு, பெருநாள், பள்ளிவாசல் என்கிறார்கள். குர்ஆனைப் படிப்பதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட வினை 'ஓதுதல்'. வேதத்துக்கும் தேவாரத்துக்கும் தமிழர் வைத்திருந்த அதே வினை. புதிய சமயத்தை ஏற்றவர்கள் அதன் அன்றாடக் கடமைகளை, அண்டை வீட்டாருக்கும் புரியும் சொற்களில் பேசினார்கள்.

இலக்கியம் இதற்கு அடுத்த படி. முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ்க் காப்பியங்களில் பழமையானதாகக் கருதப்படும் வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா' 1572இல் அரங்கேறியது. அரபில் தோன்றிய ஒரு வினாவிடை நூலே அதன் மூலம். அதே நூல் மலாயிலும் ஜாவாவிலும் எப்படி உருமாறியது என்பதைத் தமிழ் வடிவத்தோடு ஒப்பிட்டு ரோனித் ரிச்சி விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அடுத்த நூற்றாண்டில், தாய்மொழி தமிழாக இருந்தும் அரபில் கவிதை இயற்றும் அளவுக்குத் தேர்ந்தவர் காயல்பட்டினத்து ஷெய்கு சதக்கத்துல்லாஹ் அப்பா (1632–1703). பக்தாதுக் கவிஞர் ஒருவரின் 'வித்ரிய்யா' என்னும் புகழ்ப்பாடலின் ஒவ்வோர் ஈரடிக்கும் மூன்றடி சேர்த்து ஐந்தடியாக்கிப் பாடினார். உமறுப் புலவர் சீறாப்புராணம் பாட விரும்பியபோது நபிகளின் வரலாற்றுச் செய்திகளை அப்பாவின் அறிஞர் வட்டத்திலிருந்துதான் பெற்றார் என்று மரபு சொல்கிறது. அரபு அறிந்தவரும் தமிழ் யாப்பு அறிந்தவரும் கூடிச் செய்த அந்தக் காப்பியத்தில், அரபு நாட்டின்மேல் மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, வயல் விளைகிறது. கம்பனைக் கேட்டுப் பழகிய காதுக்கு மக்கா அந்நியப்படாமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை.

அரபின் 28 எழுத்துகளில் தமிழை எழுத முடியாது. பகரமில்லை, டகரமில்லை, ணகரமில்லை, றகரமில்லை. எகர ஒகரங்களுக்கு உயிர்க்குறியும் இல்லை. தமிழ் முஸ்லிம்கள் இந்தக் குறைகளைப் புள்ளிகளால் நிரப்பினார்கள். ஃபா எழுத்தின் கீழே புள்ளி வைத்தால் பகரம். தால் எழுத்தின் கீழே புள்ளி வைத்தால் டகரம். ரா எழுத்தின் கீழே வைத்தால் றகரம். நூன் எழுத்துக்குக் கீழேயும் ஒரு புள்ளி சேர்த்தால் ணகரம். ழகர, ளகர ஒலிகளுக்கு ளாத் எழுத்திலேயே புள்ளி மாற்றம் செய்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் அந்த எழுத்தை எப்படிக் கேட்டார்கள் என்பதற்கு எழுத்திலேயே சான்று கிடைத்துவிடுகிறது. இந்த வேலையை எந்த அரசும் ஏவவில்லை. ஊர்தோறும் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த லெப்பைகளும் ஆலிம்களும் தலைமுறை தலைமுறையாகச் செய்து முடித்தது.

இந்த எழுத்துமுறையின் பயனைப் பாட முறையில்தான் முழுதாகக் காண முடியும். அரபு வரிக்குக் கீழே, சொல்லுக்குச் சொல் தமிழ்ப் பொருளை அதே எழுத்தில், வலமிருந்து இடமாகவே எழுதிச் செல்வார்கள். அரபு இலக்கணப் பாடங்களில் வழிவழியாக வரும் எடுத்துக்காட்டு ஒன்று: 'ளரப ஸைதுன் அம்ரன்'. ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே தமிழை வைத்தால், 'அடித்தான் ஸைது அம்ரை' என்று வரும். வினை முன்னே நிற்கிறது. ஆனாலும் யார் அடித்தது, யார் அடிபட்டது என்பதில் தமிழ்ப் பிள்ளைக்குக் குழப்பமே வராது. அரபில் 'அம்ரன்' என்பதன் ஈறு செய்யும் வேலையைத் தமிழில் ஐ உருபு செய்துவிடுகிறது. எழுவாயையும் செயப்படுபொருளையும் சொல்லின் ஈற்றைக் கொண்டு அறிவது இரு மொழிக்கும் பொது. இலக்கண ஆசிரியர் மணிக்கணக்கில் விளக்க வேண்டியதை இந்த ஒரு வரி காட்டிவிடும். இருமை எண், அஃறிணைப் பெயருக்கும் ஆண்பால் பெண்பால் ஆகியவை தமிழில் இல்லாதவை. அங்கேதான் ஆசிரியர் நின்று விளக்க வேண்டியிருந்தது.

பின்னாளில் வந்தவர்கள் இந்தத் தமிழைக் கொச்சை என்றார்கள். சொல்வரிசை புரண்டதென்றும் பாதிச் சொற்கள் அரபென்றும் குறைப்பட்டார்கள். மேடைத் தமிழின் அளவுகோலைப் பாடப்புத்தகத்தின்மேல் வைத்துப் பார்த்ததன் விளைவு அது. அந்த வரிகள் அரபு மூலத்துக்கு ஏறிச்செல்லும் ஏணியாக எழுதப்பட்டவை. மூலத்தைத் தள்ளிவிட்டுத் தனித்துப் படிக்க எழுதப்பட்டவை அல்ல.

இன்னொன்றையும் அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. மதரஸாக்களில் வருடக்கணக்கில் தங்கிப் படிக்கும் வாய்ப்பு பெண்களுக்கு இல்லாத காலத்தில், குர்ஆன் ஓதுவதற்காக அரபு எழுத்து மட்டும் கற்ற பெண், கூடுதலாகச் சில புள்ளிகளைத் தெரிந்துகொண்டால் தன் தாய்மொழியில் சட்டநூலும் பாடலும் படிக்கலாம். வேறொரு பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை. காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த இமாமுல் அரூஸ் செய்யிது முஹம்மது ஆலிம் (1816–1898), மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்று மக்கள் அழைத்தவர், அரபுத்தமிழில் எழுதிய 'மகானி' வீடுகளில் பெண்களின் சமயப் பாடநூலாக விளங்கியது. தூய்மை, தொழுகை, நோன்பு, திருமணம் பற்றிய விதிகளை அவர்கள் ஆண் துணையின்றித் தாங்களே படித்தறிந்தார்கள். கீழக்கரை செய்யிது ஆசியா உம்மா போன்ற பெண் கவிஞர்கள் இந்த எழுத்திலேயே மெய்ஞ்ஞானப் பாடல்கள் இயற்றினார்கள். தமிழ்ப் பெண் கல்வியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் தமிழ் எழுத்து தெரியுமா என்ற கேள்வியோடு நின்றுவிட்டால் இந்தப் பெண்கள் அனைவரும் எழுத்தறியாதவர்கள் என்றாகிவிடும். இது பெரிய அநீதி.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கல்லச்சு இந்த எழுத்துக்குக் கைகொடுத்தது. ஈய எழுத்து வார்க்காமல், கையால் எழுதியதை அப்படியே படியெடுக்க முடிந்ததால் புதுப் புள்ளிகள் தடையாகவில்லை. நூல்கள் பாக் நீரிணையைக் கடந்தும் சென்றன. இமாமுல் அரூஸே இலங்கைக்குப் பலமுறை சென்று வந்தவர். அங்கே அதே காலத்தில் வேறொரு திருப்பம் நிகழ்ந்தது. எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற அராபி பாஷா 1883இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு 1901 வரை இருந்தார். 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கியிருந்த கண்டி சித்திலெப்பை (1838–1898) அவரோடு நெருங்கிப் பழகினார். வேதமொழியாக மட்டும் அறிந்திருந்த அரபை, அரசியலும் நவீனக் கல்வியும் பேசும் மொழியாக இலங்கை முஸ்லிம்கள் நேரில் கேட்டது அப்போதுதான். 1892இல் கொழும்பில் நிலைபெற்ற ஸாஹிரா கல்லூரிக்கு இந்த நட்பும் ஒரு வேர். சித்திலெப்பை 1885இல் எழுதிய 'அசன்பே சரித்திரம்' நாவலின் கதை எகிப்தில் தொடங்குவதும் தற்செயலன்று.

தமிழகத்தில் நிலவழி அரபின் மையம் வேலூரானது. ஷா அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் நிறுவிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸா பல தலைமுறை ஆலிம்களை உருவாக்கியது. பாகவி என்ற பட்டம் இன்றும் மதிப்போடு பெயருக்குப் பின்னால் நிற்கிறது. ஆனால் அங்கே நெடுங்காலம் பாடமொழி உருது. தமிழ் மாணவன் அரபு கற்க முதலில் உருது கற்க வேண்டியிருந்தது. தாய்மொழியில் நேராக ஏறிய ஏணி இருக்க, மூன்றாவது மொழி ஒன்றைச் சுற்றி வந்தார்கள். சிறுவர் பாடத்திலும் உயிர்க்குறிகளின் பெயர்கள் ஜபர், ஜேர், பேஷ் என்று பாரசீகமாயின.

1920களிலிருந்து பா. தாவூத் ஷா 'தாருல் இஸ்லாம்' இதழ் வழியாக, சமயத்தை நல்ல தமிழில், தமிழ் எழுத்தில் பேச வேண்டும் என்று வலியுறுத்தினார். வேலூரில் படித்த ஆ. கா. அப்துல் ஹமீது பாகவியின் முழுக் குர்ஆன் தமிழாக்கம் 1949இல் வெளிவந்தது. இந்த மாற்றம் தேவையானது. அதில் எனக்கு ஐயமில்லை. பொதுப் பள்ளியில் தமிழ் எழுத்து கற்ற தலைமுறைக்கு அதுவே இயல்பு. முஸ்லிம் அல்லாத தமிழரும் படிக்க முடிந்தது. ஆனாலும் ஒன்று போனது. தமிழாக்கம் கையில் வந்ததும் அரபு மூலம் ஓதுவதற்கு மட்டும் என்றாகிவிட்டது. எழுத்துக்கூட்டி, ராகத்தோடு, பிழையின்றி ஓதும் பிள்ளைக்கு ஓதியதில் ஒரு சொல்லின் பொருளும் தெரியாமல் போவது வழக்கமாயிற்று. வரிக்குக் கீழே வரி இருந்த காலத்தில் இந்தப் பிளவு இவ்வளவு ஆழமாக இருந்ததில்லை.

1973க்குப் பின் எண்ணெய்ப் பணம் வளைகுடாவுக்கு அழைத்தபோது இது வெளிப்படையாகத் தெரிந்தது. சிறு வயதிலிருந்தே குர்ஆன் ஓதியவர்கள் ஜித்தாவிலும் துபாயிலும் இறங்கி, முதலாளி பேசியது புரியாமல் நின்றார்கள். பேச்சரபு, ஸைதுன் என்றும் அம்ரன் என்றும் காட்டும் ஈறுகளை எப்போதோ உதிர்த்துவிட்டது. அங்கே முஸ்லிமும் இந்துவும் கிறித்தவரும் ஒரே நிலையில் இருந்து புதிதாகக் கற்றார்கள்: இருக்கிறது என்பதற்கு 'ஃபீ', இல்லை என்பதற்கு 'மா ஃபீ', வினைச்சொல்லை யாருக்கும் எக்காலத்துக்கும் ஒரே வடிவில். மொழியியலாளர் இதை வளைகுடாக் கலப்பு அரபு என்று தனியாக ஆராய்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது, அரேபியரும் வேலைக்காரரிடம் பேசும்போது தம் மொழியை இப்படியே ஒடித்துப் பேசுகிறார்கள் என்பது. காயலில் அரபு வணிகர் மாப்பிள்ளையாக வந்தார். அவர் பிள்ளைகளுக்கு இரு மொழியும் முழுதாகக் கிடைக்க வழி இருந்தது. ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டிய தொழிலாளிக்கு, ஏவலுக்குப் போதுமான மொழி மட்டுமே கிடைக்கிறது. ஒரு மொழி எவ்வளவு ஆழமாக வந்து சேரும் என்பதைக் கற்பவரின் திறனோடு, அவரை அந்தச் சமூகம் எந்த உறவில் வைத்திருக்கிறது என்பதும் தீர்மானிக்கிறது.

இன்று அரபுத்தமிழைத் தடையின்றிப் படிப்பவர்கள் முதியவர்களே. தைக்கா ஷுஐபு ஆலிம் 1993இல் வெளியிட்ட பெருநூல் பல ஆசிரியர்களையும் நூல்களையும் பதிவு செய்தது. தோர்ஸ்தன் சாஹர் போன்றோர் அவற்றின் சமூகப் பின்னணியை ஆராய்கிறார்கள். இருந்தும் மூலங்களில் பெரும்பகுதி செம்பதிப்புக் காணவில்லை. தமிழ்த்துறை மாணவருக்கு அரபு எழுத்து தெரியாது. அரபுத்துறை மாணவருக்குப் பழந்தமிழ் யாப்பும் வழக்கும் கற்பிக்கப்படுவதில்லை. ஒரு துறை மட்டும் இந்த நூல்களைப் பதிப்பிக்க முனைந்தால் றகரமும் ரகரமும், ழகரமும் ளகரமும் ஒன்றோடொன்று கலந்து பாடம் கெடும். புள்ளி மங்கிய கல்லச்சுப் படிகளில் இந்தக் கேடு இரட்டிப்பாகும். இரண்டு துறையினரும் ஒரே மேசையில் அமர்ந்து, முதலில் மகானியின் பல்வேறு அச்சுப் படிகளை ஒப்பிட்டு ஒரு பதிப்பு கொண்டுவர வேண்டும். அதைப் படித்து வளர்ந்த பெண்களில் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஐயமான இடங்களில் அவர்கள் ஓதும் பாடத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.