கிட்னி விற்ற காலமும் கொடுக்கிற காலமும்

நம் கூட்டமைப்பின் மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தரணும்னு செயலாளர் அக்கா கேட்டாங்க. குழு ஆரம்பிச்ச கதையை ஏற்கெனவே மூன்று பேர் எழுதுறாங்க. அதனால் நான் வேற ஒரு வரலாறு எழுதுகிறேன். உடல் உறுப்பு தானம் நம்ம மாநிலத்தில் எப்படி வந்தது, அதில் நம்மை மாதிரிப் பெண்கள் எங்கே இருந்தோம் என்பதுதான் அது. நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. ஆனால் எங்க வீட்டில் நடந்த ஒரு சாவுக்குப் பிறகு இதைப் பற்றி எது கிடைத்தாலும் படிக்கிறேன். அந்தச் சாவைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இது என்னமோ நேற்று வந்த விஷயம் என்று நினைக்கிறோம். சென்னை எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819-ல் தொடங்கினது. இந்தியாவின் முதல் கண் வங்கியை 1945-ல் டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையா அங்கேதான் ஆரம்பித்தார். அப்போது நாட்டுக்குச் சுதந்திரமே வரவில்லை. பிறகு 1971-ல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் உயிரோடு இருக்கிறவர் கொடுத்த கிட்னியை இன்னொருவருக்கு வைத்து, அது நல்லபடியாக வேலை செய்தது.

மனுஷனுக்குக் கிட்னி இரண்டு. ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றோடு வாழலாம். முதலில் ரத்த சொந்தம் கொடுத்தால்தான் அது ஓரளவு நிற்கும் என்று இருந்தது. 1980-களில் நல்ல மருந்து வந்தது. அந்த மருந்தைச் சாப்பிட்டால் சொந்தம் இல்லாதவர் கிட்னியையும் உடம்பு ஏற்க வாய்ப்பு அதிகமானது. நல்ல விஷயம்தான். ஆனால் சொந்தம் இல்லாதவர் கிட்னியும் சேரும் என்றால் அதை விலைக்கும் வாங்கலாமே! புரோக்கர்கள் கிளம்பினார்கள். சென்னையில் வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது.

அந்தக் காலத்தில் விற்றவர்கள் யார் என்று எனக்கு ரொம்ப நாளாகக் கேள்வி இருந்தது. 2001-ல் சென்னையில் கிட்னி விற்ற 305 பேரைத் தேடிப் பிடித்துக் கேட்டு, 2002-ல் அமெரிக்க மருத்துவப் பத்திரிகை ஒன்றில் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். அதில் 100-க்கு 71 பேர் பெண்கள். 100-க்கு 96 பேர் கடனை அடைக்கத்தான் விற்றார்கள். என்ன கடன்? சாப்பாட்டுச் செலவு, வாடகை, கல்யாணம், வைத்தியம். சகோதரிகளே, நம்ம குழுக் கடன் நோட்டை எடுத்துப் பாருங்கள், இதே காரணங்கள்தான் எழுதியிருப்போம். ஏன் புருஷன் விற்கவில்லை என்றதற்கு, அவர் சம்பாதிக்கிறவர் என்று சில பேரும் அவருக்கு உடம்பு சரியில்லை என்று சில பேரும் சொல்லியிருக்கிறார்கள். பேசின தொகை முழுசாகக் கைக்கு வரவில்லை. விற்றுச் சராசரியாக ஆறு வருஷம் ஆன பிறகும் நான்கு பேரில் மூன்று பேருக்குக் கடன் இருந்தது. குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 100-க்கு 86 பேர் உடம்பு முன்பு போல் இல்லை என்றார்கள். கடன் போகலை, கிட்னிதான் போச்சு.

இதை நிறுத்தத்தான் 1994-ல் மத்திய அரசு மனித உறுப்பு மாற்றுச் சட்டம் கொண்டுவந்தது. உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். உயிரோடு இருக்கிறவர் நெருங்கின சொந்தத்துக்குத்தான் கொடுக்கலாம். வேறு யாருக்காவது என்றால் ஒரு குழு விசாரித்து அனுமதி தரணும். மூளைச்சாவும் சாவுதான் என்று அந்தச் சட்டம்தான் ஏற்றுக்கொண்டது. அதே வருஷம் ஆகஸ்ட் 3-ல் டெல்லி எய்ம்ஸில் டாக்டர் வேணுகோபால், மூளைச்சாவு அடைந்தவரின் இதயத்தை எடுத்து இன்னொருவருக்கு வைத்தார். இப்போது அந்தத் தேதிதான் இந்திய உறுப்பு தான நாள்.

சட்டம் வந்ததும் விற்பனை நின்றதா? நிற்கலை. 'பாசத்தால் கொடுக்கிறேன்' என்று பத்திரம் எழுதிக் கொடுத்து ஏமாற்றினார்கள். சுனாமிக்குப் பிறகு 2007-ல் எர்ணாவூர் பக்கம் மீனவப் பெண்கள் பலர் கிட்னி விற்றிருந்தது செய்தியாக வந்தது. கடல் வீட்டைக் கொண்டுபோச்சு, புரோக்கர் கிட்னியைக் கொண்டுபோனான். மூளைச்சாவு பற்றிச் சட்டம் இருந்தும் ஜனங்களுக்குத் தெரியாததால், கேட்பது எல்லாம் உயிரோடு இருக்கிற ஏழையிடம்தான்.

இது திரும்பினது 2008 செப்டம்பரில். திருக்கழுக்குன்றத்துப் பையன் ஹிதேந்திரன், பைக் விபத்தில் அடிபட்டு மூளைச்சாவு அடைந்தான். வயது 15. அப்பா அம்மா இருவருமே டாக்டர்கள். அவர்களே முன்வந்து உறுப்புகளைக் கொடுத்தார்கள். இதயத்தைத் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குக் கொண்டுபோகப் போலீஸ் ரோட்டையே காலி செய்து கொடுத்தது. 11 நிமிஷத்தில் போய்ச் சேர்ந்து ஒரு சிறுமிக்கு வைத்தார்கள். எங்க ஊரிலிருந்து திருக்கழுக்குன்றம் ஒரு பஸ் தூரம். அப்போது எங்க பக்கம் டீக்கடை, ரேஷன் கடை எல்லா இடத்திலும் இதே பேச்சுதான். அந்த வருஷமே அரசு உத்தரவுகள் போட்டு, யாருக்கு முதலில் உறுப்பு என்பதற்குப் பதிவு வரிசை வைத்தது. பின்னால் அதற்கென்று தனி ஆணையமே வந்தது. உறுப்பு தானத்தில் தமிழ்நாடு பலமுறை மத்திய அரசின் விருது வாங்கியிருக்கிறது.

இவ்வளவும் நடந்து எட்டு வருஷம் கழித்து, 2016-ல், எங்க வீட்டுக்கு அந்தக் கேள்வி வந்தது.

என் கொழுந்தனுக்கு 24 வயசு. பைக்கில் போனான், ஹெல்மெட் வீட்டு ஆணியில் தொங்குது. மூன்றாம் நாள் டாக்டர் கூப்பிட்டு மூளைச்சாவு என்றார். அப்புறம் ஒரு பெண் வந்து தன்மையாகத்தான் கேட்டாள், உறுப்புகளைக் கொடுக்க மனசு இருக்கா என்று. என் மாமியார் "புள்ளைக்கு நெஞ்சு ஏறி இறங்குது, கண்ணு தெரியலையா உனக்கு?" என்று கத்தினாங்க. எங்க சின்ன மாமனார் "இது கிட்னி எடுத்து விக்கிற கூட்டம்டா, கையெழுத்து போடாதீங்க" என்றார். நான் ஒன்றும் பேசலை. எனக்கும் அதே சந்தேகம்தான். மறுத்துவிட்டோம். அன்று ராத்திரியே இதயமும் நின்றுபோச்சு.

சின்ன மாமனார் சொன்னதைத் தப்பு என்று சொல்லிவிட முடியாது. அவர் ஒரு காலம் வில்லிவாக்கம் பக்கம் கொத்து வேலை பார்த்தவர். கண்ணால் பார்த்ததைச் சொன்னார். அவர் பயம் வரலாற்றில் இருந்து வந்த பயம். ஆனால் அவருக்குத் தெரியாதது, எனக்கும் அன்று தெரியாதது, அந்த வியாபாரத்தை ஒழிக்கத்தான் இந்தச் சட்டமே வந்தது என்பது. இறந்தவர்கள் கொடுக்கக் கொடுக்கத்தான் புரோக்கருக்கு வேலை குறையும்.

நெஞ்சு ஏறி இறங்கினதே, அதற்கும் பதில் பிறகுதான் தெரிந்தது. மூச்சு விடுவது அவன் இல்லை, மெஷின். காற்று உள்ளே போகிற வரைக்கும் இதயம் கொஞ்ச காலம் தானாகத் துடிக்கும். கோமாவில் இருக்கிறவர் எழுந்து வரலாம், மூளைச்சாவில் யாரும் திரும்பினது இல்லை. இதை ஒரு டாக்டர் மட்டும் சொல்லிவிட முடியாது. நான்கு டாக்டர்கள் கையெழுத்து போடணும். கண்ணில் வெளிச்சம் அடித்து, தொண்டையைத் தொட்டு, மெஷினை நிறுத்தித் தானாக மூச்சு வருதா என்று பார்க்கணும். குறைந்தது ஆறு மணி நேரம் விட்டு எல்லாவற்றையும் மறுபடி பார்க்கணும். உறுப்பு மாற்று ஆபரேஷன் செய்கிற டாக்டர்கள் இந்தச் சோதனையில் சேரக்கூடாது. சம்மதம் சொன்ன பிறகு ஆகிற செலவு நம்ம தலையில் வராது. உடம்பைத் தையல் போட்டு முழுசாகத்தான் தருவாங்க.

இன்னொரு கணக்கையும் எழுதிவிடுகிறேன். 1995-லிருந்து 2021 வரை நாட்டில் நடந்த 36,640 உறுப்பு மாற்றுகளில் பெண்களுக்கு வைத்தது 6,945-தான். உயிரோடு கொடுக்கிறவர்களில் பெரும்பங்கு பெண்கள், வாங்கிக்கொள்கிறவர்களில் பெரும்பங்கு ஆண்கள். அம்மா கொடுப்பாள், பெண்டாட்டி கொடுப்பாள். அவளுக்குத் தேவைப்பட்டால் யாரும் வரிசையில் நிற்பதில்லை. இதற்குச் சட்டம் போட முடியுமா என்று எனக்குத் தெரியலை. குழுக் கூட்டத்தில் பேசலாம்.

2023 செப்டம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின், உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு என்று அறிவித்தார். கொஞ்ச நாள் கழித்து டி.வி. செய்தியில் ஒரு சின்ன வீட்டு வாசலில் அதிகாரிகள் மாலை வைத்துக் கும்பிடுவதைக் காட்டினார்கள். மாமியார் சோறு தட்டோடு பார்த்துக்கிட்டு இருந்தாங்க. "இவங்களுக்கும் நெஞ்சு ஏறி இறங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சாம்மா?" என்று கேட்டாங்க. "ஆமாம் அத்தை" என்றேன். வேற ஒன்றும் பேசலை. தட்டை வைத்துவிட்டு வெளியே போய் ஆட்டைப் பிடித்துக் கட்டினாங்க.

போன வருஷம் அவங்க அண்ணன் வீட்டிலேயே காலமானார், வயது 72. வீட்டில் இறப்பவர் இதயம், கிட்னி கொடுக்க முடியாது. ஆனால் ஆறு மணி நேரத்துக்குள் கண் கொடுக்கலாம். கண்ணாடி போட்டவரும் கொடுக்கலாம், புரை ஆபரேஷன் செய்தவரும் கொடுக்கலாம். எல்லாரும் அழுதுகிட்டு இருக்கும்போது மாமியார் என் பக்கம் வந்து "கண்ணு எடுக்கிறவங்களுக்கு போன் போடு" என்றாங்க. ஃபேனை நிறுத்தி, தலையைக் கொஞ்சம் உயர்த்தி, மூடின கண் மேல் ஈரத்துணி வைத்தோம். வந்தவர்கள் அரை மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார்கள். அவங்க போனதும் மாமியார் அண்ணன் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தாங்க. தூங்குற மாதிரிதான் இருந்தார்.

நாம் படிவம் எழுதி வைத்தாலும் அந்த நேரத்தில் குடும்பம் சரி என்றால்தான் எடுப்பார்கள். அதனால் படிவத்தில் நெருங்கின சொந்தம் ஒருத்தர் சாட்சிக் கையெழுத்து போடணும். என் படிவத்தில் என் மாமியார் போட்டிருக்காங்க. எங்க வீட்டுக்காரர் இன்னும் தன் படிவத்தை எழுதலை, யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கார்.