கல்முனையும் கொழும்பும்: தூரமும் நேரமும்

தேசப்படத்தில் கல்முனையிலிருந்து கொழும்புக்கு ஒரு நேர்கோடு வரைந்து அளப்பின் ஏறக்குறைய 220 கிலோமீற்றர் வரும். பொத்துவில், மொனராகலை, வெல்லவாய, இரத்தினபுரி வழியாகச் செல்லும் பெருந்தெருவிலோ அது 390 கிலோமீற்றரை எட்டுகின்றது. மேலதிகமான இந்த 170 கிலோமீற்றர் எங்ஙனம் வந்தது? மத்திய மலைநாடு குறுக்கே நிற்பதால் வந்தது என்பர். அவ்விடை பாதி உண்மையே.

மலை அன்றும் அங்கேதான் இருந்தது. ஆயினும் கரையோர முஸ்லிம் வணிகர் பொதிமாடுகளைத் தவளமாகக் கட்டி, உப்பும் கருவாடும் ஏற்றிக் கண்டி நாட்டுக்குச் சென்று, பாக்குடன் மீண்டனர். 1602இல் மட்டக்களப்பில் வந்திறங்கிய ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன், அங்கிருந்தே கண்டி சென்று விமலதர்மசூரிய மன்னனைக் கண்டான். கீழைக்கரை அந்நாளில் கண்டி இராச்சியத்தின் கடல்வாயிலாக விளங்கியது. அதனை நாட்டின் கோடியாக எவரும் கருதியிருக்க மாட்டார்.

கொழும்பு தலைநகரான பின்னரே வாயில் கோடியாயிற்று. ஆங்கிலேயர் பாதைகள் பலவற்றைப் பெருந்தோட்டங்களின் தேவைக்கேற்ப அமைத்தனர். 1867இல் கண்டியை அடைந்த புகையிரதம் மட்டக்களப்பை அடைய 1928 வரை, அஃதாவது 61 ஆண்டுகள், சென்றன. அதுவும் மாகோ, பொலநறுவை என வடக்கே வளைந்து வந்து மட்டக்களப்போடு நின்றுவிட்டது. எஞ்சிய 38 கிலோமீற்றர் தெற்கே கல்முனைக்குத் தண்டவாளம் இன்றுவரை வரவில்லை. கல்லடியில் வாவியைக் கடக்க 1924இல் மானிங் சீமாட்டி பாலம் திறக்கப்பட்டிராவிடின், அந்த எஞ்சிய தூரமும் தோணிக்காரரின் கையிலேயே இருந்திருக்கும்.

பின்னர் வானூர்தி வந்தது. 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதற் சேவை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. மட்டக்களப்பு விமானத்தளம் 1958இல் திறக்கப்பட்டது. மணிக்குச் சுமார் 270 கிலோமீற்றர் செல்லும் டக்கோட்டா விமானத்துக்குக் கொழும்பிலிருந்து மட்டக்களப்பு ஒரு மணி நேரத்துக்குட்பட்ட தூரமே. பாதையும் தண்டவாளமும் நீட்டிய தூரத்தை வானம் மீண்டும் சுருக்கிற்று. ஆனால், பொதிமாட்டின் பின் நடந்தவனின் பேரனுக்கு விமானச் சீட்டு வாங்க இயன்றதா என்பது வேறு வினா. எயார் சிலோன் 1979இல் மூடப்பட்டது. 1983இல் அத்தளம் விமானப்படையின் வசமாயிற்று. பொதுமக்கள் சேவைக்கென அது மீளத் திறக்கப்பட்டது 2018இலேயே.

தூரத்தை மைலால் மட்டும் அளத்தல் தவறு என்பதற்கு 1961 சிறந்த சான்று. அதுவரை கல்முனையார் கச்சேரி அலுவல்களுக்கு மட்டக்களப்புக்கே சென்றனர். அவ்வாண்டு அம்பாறை தனி மாவட்டமாயிற்று. கச்சேரி பத்துக் கிலோமீற்றருக்கு மேல் கிட்ட வந்தது. ஆனால் அங்கு தமிழில் எழுதிய விண்ணப்பம் மேசைக்கு மேசை அலைந்து, மொழிபெயர்ப்பாளரைத் தேடி நின்றது. கிட்ட வந்த கச்சேரி எட்டிப் போயிற்று என்றே நான் கருதுகின்றேன். கல்முனையைத் தலைமையாகக் கொண்ட கரையோர மாவட்டம் வேண்டும் என்னும் கோரிக்கையின் வேர்களுள் ஒன்று இதுவே.

விமானமும் கச்சேரியும் ஒருபுறமிருக்க, கிட்டங்கித் தாம்போதியைப் பாருங்கள். கல்முனையையும் நாவிதன்வெளியையும் இணைப்பது அது. கோடையில் துவிச்சக்கர வண்டியில் சில நிமிடங்களில் கடந்துவிடலாம். மாரிவெள்ளம் மூடும் நாட்களில் வள்ளம் பிடிக்கவேண்டும். அன்றேல் சம்மாந்துறை வழியாகச் சுற்றவேண்டும். அந்நாட்களில் அக்கரை மாணவனுக்குக் கண்ணெதிரே தெரியும் கல்முனைப் பாடசாலையும் தொலைதூரமே.